அசோசியேஷன் ஃப்ரீ

‘உங்க வீட்டு ஓசி வை-ஃபையை நக்கித்தான் எம்பொண்ணு ப்ளஸ் டூ பாஸ் பண்ணணும்னு எங்களுக்குத் தலையெழுத்தில்ல!’

இதே வார்த்தை. நான் ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. மாடிப்படியில், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர் வீட்டு மிஸஸ் தாமோதரன் என் முகத்துக்கு நேரே சொன்னாள். நக்கி! ஒரு டிகிரி படித்தவள் வாயில் வருகிற வார்த்தையா அது? நான் பதிலுக்கு அப்படிப் பேசினேனா? பேசவில்லை. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை. ‘மைண்ட் யுவர் லாங்க்வேஜ்’ என்று மட்டும் சொன்னேன். அதற்கும் குதித்தாள்.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. இந்தப் பையைக் கீழே வைக்க முடியாது, உள்ளே பட்டுப்புடவை. நீங்க எதுவரைக்கும்? கடையநல்லூரா? நல்லதாப் போச்சு. நான் புளியங்குடியில் இறங்கிவிடுவேன். இன்னும் முழுசாக மூணு மணி நேரம் இருக்கு. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நீங்க பார்க்க நியாயஸ்தராத் தெரியறீங்க. கேட்டுவிட்டு யார் பக்கம் தப்பு என்று நீங்களே சொல்லுங்க.

எங்கள் வீட்டில் வை-ஃபையில் இருக்க வேண்டியது மொத்தம் ஐந்து. என் ஃபோன், அவர் ஃபோன், என் டேப், டிவி, வாசல் கேமரா. ஐந்து. ஜனவரி மாசம் ஒருநாள் பார்க்கிறேன், ஆறு! யார் அந்த ஆறாவது? ஏதோ ஒரு வீவோ ஃபோன். ‘ஏங்க, நம்ம வீட்டுல யாரு வீவோ வச்சிருக்கா?’ என்று அவரைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் சண்முகவேல், பேருக்கேத்த மாதிரி சாமி சிலைதான். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘யாராவது பக்கத்துல இருக்கறவங்களா இருக்கும், விடு’ என்றார்.

விடு! அது என் பிறப்பிலேயே கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்தான் கிளாஸ் லீடர். சிஸ்டர் வெளியே போனால் சாக்பீஸ் என் கையில். பேசுகிறவள் பேரைப் போர்டில் எழுத வேண்டும். என் உயிர்த்தோழி பேசினால் அவள் பேரையும் எழுதினேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை என்பது வேறு விஷயம். ஒழுங்கு என்றால் எல்லோருக்கும்தானே?

பாஸ்வேர்டை அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கே கிழித்துப்போட்டேன். புதுசு மாற்றினேன். அதற்கப்புறம் யார் ஃபோனுக்கு வேண்டுமானாலும் நானே கையால் அடித்துக் கொடுப்பேன், வாயால் சொல்ல மாட்டேன். அவருக்கும்தான். ‘கொண்டாங்க’ என்று வாங்கி, திரும்பி நின்று அடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார்.

ஆறாவது ஃபோன் அதோடு போய்விட்டது. போய்விட்டால் விட்டுவிட முடியுமா? திருடன் ஓடிவிட்டான் என்பதற்காகத் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா?

என் மகள் அபர்ணா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். ‘அம்மா, விட்டுடும்மா, அதான் போயிடுச்சுல்ல’ என்றாள். அப்பனுக்குப் பிறந்தவள். நான் விடவில்லை. கடைசியில் சலித்துப்போய், ‘பழைய மோடம் ஒண்ணு பரண்ல கிடக்குல்ல, அதுல பாஸ்வேர்ட் இல்லாம தனியா ஒரு வை-ஃபை போட்டு வை. யாரு வந்து ஒட்டுறாங்கன்னு தெரியும். எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, எல்லாம் காட்டும். ஆபீஸ்ல திருடனைப் பிடிக்க இப்படித்தான் பண்ணுவாங்க’ என்றாள். எனக்கு உடனே புரிந்தது. எலிப்பொறியில் மசால்வடை வைக்கிற மாதிரி. அவள் அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டு அப்புறம் ஒரு மாசம் என் கழுத்தை அறுத்தாள். ‘எடுத்துடும்மா, வேண்டாம்மா’ என்று. எதற்கு இவள் இப்படிப் பதறுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு அம்மா ஒரு காரியத்தைத் தனியாகச் செய்துவிட்டாலே பொறுக்காது.

தனியாகத்தான் செய்தேன்! பரணில் ஏறியது நான், தூசி தட்டியது நான், செட்டிங்ஸ் எல்லாம் படித்துப் படித்துப் போட்டது நான். கான்வென்ட் இங்கிலீஷ் எதற்கு இருக்கிறது? பேர் என்ன வைத்தேன் தெரியுமா? ‘அசோசியேஷன் ஃப்ரீ’. யாருக்கும் சந்தேகமே வராது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷனே புண்ணியத்துக்குப் போட்டிருக்கிறது என்று நினைத்து ஓடி வருவார்கள். எங்கள் வீடு முதல் மாடி, கீழே கார் பார்க்கிங். பால்கனி ஓரமாகத் துளசிச் செடிக்குப் பின்னால் மோடத்தை வைத்தேன். துளசிக்குப் பின்னால் வைத்தால் பொய் சொல்லாது என்று ஒரு இது.

முதல் நாள் கொரியர்காரன், நாலு நிமிஷம். ரெண்டாம் நாள் யாரோ ஐஸ் வண்டிக்காரன். மூணாம் நாள், வந்துவிட்டது! அதே வீவோ. காலை ஐந்து ஐம்பதுக்கு வந்து ஆறு ஐம்பதுக்குப் போகிறது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. அலாரம் வைத்துத் திருடுகிற திருடனை நீங்க பார்த்திருக்கீங்களா?

யோசித்தேன். காலை ஆறு மணிக்கு எங்கள் அப்பார்ட்மென்டில் முழித்திருப்பது யார்? நான். அவர், ஆனால் அவர் அந்நேரம் வாக்கிங் போய்விடுவார், சர்க்கரை இருக்கிறது, தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மழை பெய்தாலும் குடையோடு போய்விடுவார், அந்த விஷயத்தில் மட்டும் ஒழுங்கு. அப்படி நடந்தும் சர்க்கரை ஒரு புள்ளி குறையவில்லை! லேபில் போய்ச் சண்டை போட்டேன், உங்க மிஷின் சரியில்லை என்று. அதை விடுங்க. மூணாவது ஆள் மிஸஸ் தாமோதரனின் மகள். ப்ளஸ் டூ. காலையில் எழுந்து படிக்கிற பெண். அவள் கையில் என்ன ஃபோன்? வீவோ! லிஃப்டில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். பேர் போடவில்லை, எனக்கு நாகரிகம் தெரியும். தேதி, நேரம், என்ன ஃபோன் என்று பதினாறு நாள் பட்டியல் போட்டு, கீழே ‘பிள்ளைகளுக்குப் பாடத்தோடு நேர்மையையும் சொல்லிக் கொடுக்க வேண்டியது பெற்றோர் கடமை’ என்று ஒரு வரி. என் வீட்டுக்காரர் அந்தக் குரூப்பைத் திறந்தே பார்க்க மாட்டார், எல்லாம் நான்தான். பேரே போடாதபோது அவளுக்கு ஏன் சுருக்கென்று குத்த வேண்டும்? மறுநாள் காலையில்தான் மாடிப்படியில் அந்த ‘நக்கி’.

‘எம்பொண்ணு அஞ்சரைக்கு ட்யூஷன் போயிடுறா, தெரியுமா? நம்பலேன்னா நாளைக்குக் காலையில நானே உங்க கூட வர்றேன். கையும் களவுமா பிடிங்க. அவ இல்லேன்னா, குரூப்புல போட்டதை குரூப்புலயே தப்புன்னு போடணும்’ என்றாள்.

‘போடறேன். வாங்க’ என்றேன். பயமா எனக்கு?

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அவர் வழக்கம்போல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாக்கிங் கிளம்பினார். ஆறு மணிக்கு நானும் மிஸஸ் தாமோதரனும் இறங்கினோம். என் கையில் ஃபோன். பார்க்கிறேன், வீவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது! அவள் மகளின் ஸ்கூட்டி அங்கே இல்லை, பெண் ட்யூஷன் போய்விட்டது உண்மைதான். ‘பார்த்தீங்களா?’ என்றாள். ‘இருங்க, இங்கேதான் எங்கேயோ இருக்கு’ என்று ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் கார் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குள்ளே வெளிச்சம்.

பின்சீட்டில் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்சீட்டுத் தலையணையில் ஒரு ஃபோனைச் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் ஒரு மூஞ்சி. அவர் தங்கச்சி பேச்சியம்மா.

நில்லுங்க, அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் முன்னால் இந்த ஃப்ளாட்டுக்குப் பால் காய்ச்சினோம். நாத்தனார் வந்துதான் பால் காய்ச்ச வேண்டும், அது அவர்கள் பக்கத்து முறை. எனக்கும் தெரியும். ஆனால் நல்ல நேரம் ஆறு மணியோடு முடிகிறது. புளியங்குடி பஸ் வரவில்லை. ஐயர் அவசரப்படுகிறார். இவர் ‘கொஞ்சம் பொறு, வந்துட்டிருக்கா’ என்கிறார். பால் பொறுக்கும், நேரம் பொறுக்குமா? நான் காய்ச்சிவிட்டேன். பொங்கிவிட்டது. எல்லோரும் டம்ளரில் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் வருகிறாள், ஊரிலிருந்து புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு. வாசலில் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள். ‘சரி மதினி’ என்றாள். அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

எத்தனை திமிர் பாருங்க! நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது அவள், கோபம் அவளுக்கு. நான் அன்றைக்கே அவர் ஃபோனிலிருந்து அந்த நம்பரை அழித்துவிட்டேன். ‘அவளாக வந்து பேசுகிறவரைக்கும் இந்த வீட்டிலிருந்து யாரும் பேசக் கூடாது’ என்றேன். ராத்திரி அவர் ஃபோனைச் சார்ஜில் போடுகிறபோது யார் யாரோடு பேசியிருக்கிறார் என்று ஒரு பார்வை பார்ப்பேன். சந்தேகமெல்லாம் இல்லை. டியூட்டி.

இப்போது இவர் அந்தப் பேச்சியோடு, என் வை-ஃபையில், என் காரில்! அதுவும் எப்படிச் சிரிக்கிறார் தெரியுமா? தோள் குலுங்குகிறது. அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து ரொம்ப நாள். அவர்கள் ஊர்ப் பேச்சு வேறு. ‘ஏளா பேச்சி, மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்தாச்சுல்லா?’ என்கிறார். என்னிடம் மதுரைப் பேச்சு, அங்கே புளியங்குடிப் பேச்சு. கண்ணாடி பாதி இறக்கியிருந்தது. எல்லாம் கேட்கிறது. அவள் மகள் முத்துச்செல்விக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இவர் தாய்மாமன். எனக்குத் தெரியாமலே எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது.

அவள் கேட்கிறாள்: ‘அண்ணே, மதினி வருவாகளா?’

இவர் சொல்கிறார்: ‘பாப்போம்ளா. சொல்லதுக்கு நேரம் பாத்துட்டு இருக்கேன். அவள தப்பா நினைக்காத பேச்சி. யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டா. எல்லாம் அவ கண்ணு முன்னால நடக்கணும், அம்புட்டுதான். எனக்குப் பழகிப்போச்சு. நீதான் பாவம்.’

பழகிப்போச்சாம்! நான் என்ன கடிக்கிற செருப்பா, பழகிப்போவதற்கு?

மிஸஸ் தாமோதரன் என் கையைப் பிடித்து இழுத்தாள். ‘வாங்க, போயிடலாம்’ என்று காதோடு சொன்னாள். நான் போகவில்லை. நான் ஏன் ஒளிந்து போக வேண்டும்? கண்ணாடியைத் தட்டினேன். ‘இது யார் ஃபோன்?’ என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். ‘அபர்ணாவோட பழைய ஃபோன். சிம் இல்ல. அசோசியேஷன்ல வை-ஃபை போட்டிருக்காங்களேன்னு…’ என்று இழுத்தார். அசோசியேஷன் இதுவரைக்கும் ஒரு பல்ப் மாற்றியிருக்கிறதா? வை-ஃபை போடுமா? அதைக்கூட யோசிக்கத் தெரியவில்லை அவருக்கு. மகளும் கூட்டு! அதனால்தான் ‘எடுத்துடும்மா, எடுத்துடும்மா’ என்று அந்தக் கத்துக் கத்தினாள். அவரிடமும் சொல்லித்தான் இருப்பாள், இவர் பேரைப் பார்த்து இது வேறு என்று நம்பியிருக்கிறார்.

அதற்குள் அந்தப் பேச்சி என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ‘மதினி! நல்லா இருக்கீகளா மதினி? நானே உங்களக் கூப்பிடணும்னுதான்…’ என்றாள்.

நான் என் ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினேன். அசோசியேஷன் ஃப்ரீ ஆஃப். அவ்வளவுதான். அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. அப்புறம் வட்டம் சுற்றியது. அப்புறம் ஒன்றும் இல்லை.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? நெட்டைத்தானே அறுத்தேன், கழுத்தையா அறுத்தேன்? என் மோடம். என் கரண்ட். பொறியில் வடை வைத்தவளுக்குப் பொறியை மூட உரிமை கிடையாதா?

அவர் காரைப் பூட்டினார். மாடி ஏறினார். குளித்தார். ஆபீஸ் போனார். திட்டவில்லை, கத்தவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாள் கத்தியிருந்தால் எனக்கும் ஒரு வழி தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியோடு நிற்கிறார். அந்த வீவோவை மேஜைமேல் வைத்தார். ‘எந்த லிஸ்டுல வேணா தேடிக்கோ ரேணு. நான் பேச்சி வீட்டுல இருப்பேன்’ என்றார். போய்விட்டார். அதற்கப்புறம் அடித்தால் எடுக்கவில்லை. நேற்றிலிருந்து முப்பத்தொரு தடவை அடித்தாகிவிட்டது.

மிஸஸ் தாமோதரன் இருக்கிறாளே, அவள் அதற்கு மேல். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரூப்பில் ‘ஃபோன் யாருடையதுன்னு தெரிஞ்சுதா?’ என்று செக்ரட்டரி கேட்கிறார், இவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தந்திரம். பேசாமலே இருந்து என்னைக் குனிய வைக்கப் பார்க்கிறாள். நான் குனியவில்லை. ‘தி மேட்டர் இஸ் க்ளோஸ்ட்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டேன். அவள் பெண் லிஃப்டில் என்னைப் பார்த்தால் இறங்கிப் படியில் போகிறது. போகட்டும், படி ஏறினால் உடம்புக்கு நல்லது.

நேற்று ராத்திரி காரைத் திறந்து பார்த்தேன். டேஷ்போர்டில் பத்திரிகை. மஞ்சள் தடவிய பத்திரிகை. பிரித்தால், ‘தாய்மாமன் சண்முகவேல் - ரேணுகா’ என்று போட்டிருக்கிறாள். என் பேரை! இவருக்குச் சமமான எழுத்தில். போடாமல் இருக்க முடியுமா? முறை. முறைக்காகப் போட்டிருக்கிறாள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் உட்கார்ந்த இடத்தில்தான். அந்தச் சீட் ஒரு பக்கமாகப் பள்ளமாகிவிட்டிருக்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இன்றைக்குக் காலையில் அபர்ணா அடித்தாள். அவளும் அங்கேதான் இருக்கிறாள். ‘அம்மா, மாமன் சீர்ல முதல் தட்டை மாமன் பொண்டாட்டிதான் தூக்கணுமாம். அத்தை கேட்டுட்டே இருக்காங்க. நீ வரலேன்னா சொர்ணம் பெரியம்மாவைத் தூக்கச் சொல்லப் போறாங்க’ என்றாள்.

சொர்ணம்! இவருடைய பெரியப்பா மகன் பெண்டாட்டி. புடவைக் கொசுவத்தைச் சரியாகச் சொருகத் தெரியாது. அவள் என் இடத்தில், இவர் பக்கத்தில், முதல் தட்டோடு, ஊர் பார்க்க நடப்பாளா? நடந்தால் ஊர் என்ன சொல்லும்? ரேணுகா இல்லை என்றல்லவா சொல்லும்? முப்பது வருஷம் குடும்பம் நடத்தினது நான். ஒரு தட்டு, நூறடி தூரம், அதை நான்தான் தூக்குவேன்.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதீங்க. நான் தப்புச் செய்யவில்லை. போவேன், தட்டைத் தூக்குவேன், சாப்பிடுவேன், வந்துவிடுவேன். அவர் வந்தால் வரட்டும். வராமல் எங்கே போவார்? மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், அதைக்கூட நான்தான் எடுத்து வருகிறேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. யார் எடுத்துக் கொடுப்பார்கள் அங்கே?

வாசுதேவநல்லூர் வந்துவிட்டதா? அதற்குள்ளேயா?

ஒரே ஒரு விஷயம் பாருங்க. கூப்பிடாத வீட்டுக்கு நானாகப் போய் வாசலில் நிற்க முடியாது. பத்திரிகையில் பேர் இருக்கிறது, சரி. ஆனால் நேரில் யாரும் கூப்பிடவில்லையே? அவள் கூப்பிட வாயெடுத்தாள் என்பது… அது முடியவில்லையே, நடுவில் நின்றுபோய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது ஒருத்தர் வந்து, ‘வாங்க’ என்று பையை வாங்கிக்கொண்டால் போதும். அவர் வந்தால்கூடப் போதும். வண்டி வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

உங்க ஃபோனைக் கொஞ்சம் எடுக்கறீங்களா? என் நம்பர் என்றால் எடுக்க மாட்டார். உங்க நம்பர் என்றால் யாரோ என்று எடுத்துவிடுவார். நான் சொல்கிறேன், நீங்க அடிங்க. ஒன்பது, நாலு, நாலு… ஆமாம், அதுதான். நான் பேசவில்லை. நீங்களே பேசுங்க. ‘உங்க வீட்டம்மா அரை மணி நேரத்தில் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்குறாங்க, கொஞ்சம் வந்துடுங்க’ என்று மட்டும் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ரிங் போகுதா? ஸ்பீக்கரில் போடுங்க.

போகுது.

மேளம் அடிச்சிட்டிருப்பாங்க, அதான் கேட்டிருக்காது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார், ஃபோன் அதில் இருக்கும்.

இன்னொரு தடவை அடிங்களேன்.